இரைச்சலையும் இசை என்றவர்கள்

என் தங்கையின் மகன் ரொறன்ரோவில் வசிப்பவன். கடந்த முறை கொழும்புக்கு வந்தபோது, "மாமா, அஞ்சு நிமிசம் பொறுத்துக் கேளுங்கோ" என்று கூறித் தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான். ஒலித்தது, ஜப்பானியரான மசாமி அகிதா 'மெர்ஸ்பௌ' என்ற பெயரில் 1996 இல் வெளியிட்ட 'பல்ஸ் டீமன்'. இராகமில்லை, தாளமில்லை, குரலுமில்லை. வெறும் இரைச்சல். முதல் நிமிடத்திலேயே கழற்றிவிட எண்ணினேன். மூன்றாம் நிமிடத்தில், நான் பணியாற்றிய பத்திரிகையின் ரோட்டரி யந்திரம் நினைவில் எழுந்தது. நள்ளிரவில் அது ஓடத் தொடங்கினால் கட்டடமே அதிரும். அந்த அதிர்வில் மேசைமீது தலைசாய்த்து நிம்மதியாக உறங்கியவர்கள் நாங்கள். யந்திரம் நின்றால்தான் விழிப்போம்.

இந்த ஈர்ப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1913 மார்ச் 11 ஆம் திகதி, இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, இசையமைப்பாளரான தம் நண்பர் பிரத்தெல்லாவுக்கு எழுதிய கடிதமே 'இரைச்சல்களின் கலை' என்ற பிரகடனமாயிற்று. யந்திரங்கள் பிறந்தபின் மனிதச் செவி மாறிவிட்டது, பழைய வாத்தியங்கள் அதற்குப் போதா என்பது அவர் வாதம். இரைச்சல்களை ஆறு குடும்பங்களாகப் பிரித்தார். பெட்டிக்குள் சக்கரமொன்று தந்தியை உரச, முன்னாலுள்ள கூம்பு வழியே உறுமலும் ஊளையும் வெளிவரும் கருவிகளையும் செய்தார். 1914 ஏப்ரல் 21 இல் மிலான் நகர அரங்கில் அவை ஒலித்தபோது சபையில் கைகலப்பு மூண்டது.

அந்தப் பிரகடனத்தில் என்னை உறுத்தும் பகுதி ஒன்றுண்டு. அட்ரியானோப்பிள் முற்றுகையின் பீரங்கி முழக்கத்தை வியந்து மரினெத்தி எழுதிய கடிதத்தை ருஸ்ஸோலோ அதில் மகிழ்வோடு சேர்த்திருக்கிறார். எறிகணையின் கூவலைக் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய மக்களிடையே செய்தி சேகரித்தவன் நான். அந்த ஒலியைச் சங்கீதம் என்று கூற என் நா எழாது. பின்னர் ருஸ்ஸோலோவே போர்முனைக்குச் சென்று, 1917 இல் தலையில் படுகாயமுற்றுத் திரும்பினார். அவருடைய மூலக் கருவிகளில் எதுவும் இன்று எஞ்சவில்லை.

அடுத்த கட்டம் வானொலிக்காரர்களுடையது. பிரெஞ்சு வானொலிப் பொறியியலாளர் பியர் ஷேஃபர், பாரிஸின் பத்தினோல் நிலையத்தில் பதிவு செய்த ரயில் ஓசைகளைக் கொண்டு ஓர் ஆக்கம் செய்தார். அது உட்பட ஐந்து ஆக்கங்கள் 1948 ஒக்டோபர் 5 இல் ஒலிபரப்பாகின. அவரையே முன்னோடி என்பார்கள். ஆனால் 1944 இலேயே கெய்ரோவில் ஹலீம் எல்-தப், கம்பிப் பதிவுக் கருவியொன்றை இரவல் பெற்று, பேயோட்டும் சடங்கொன்றின் ஒலியைப் பதிந்து உருமாற்றியிருந்தார். கெய்ரோவை மறந்துவிடுவது ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களுக்குப் பழக்கமானதே.

1975 இல் அமெரிக்க ரொக் பாடகர் லூ ரீட் 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டார். கிற்றார்களை ஒலிபெருக்கிகளுக்கு அருகே வைத்தால், ஒலிபெருக்கியின் ஓசை தந்தியை அதிர்விக்கும்; அந்த அதிர்வு மீண்டும் ஒலிபெருக்கிக்குள் புகும். வாசிப்பவர் இன்றியே ஓசை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதுதான். பாடலை எதிர்பார்த்து வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே விற்பனையிலிருந்து மீளப்பெறப்பட்டது. அதே படைப்பை 2002 இல் பேர்லினில் ஒரு குழு வயலின் முதலான வாத்தியங்களில் சுரப்படுத்தி வாசித்தது. ரீட்டும் மேடையேறினார்.

அகிதா 1979 இல் தொடங்கினார். ஒலிநாடாக்களில் பதிந்து தபால் மூலம் உலகெங்கும் அனுப்பினார். அவர் சூடிய பெயர், கேர்ட் ஷ்விற்றர்ஸ் என்ற ஜேர்மன் கலைஞர் கழிவுப்பொருட்களால் தம் இல்லத்தினுள் எழுப்பிய 'மெர்ஸ்பௌ' என்ற அமைப்பின் பெயர். அந்த இல்லம் 1943 இல் குண்டுவீச்சில் அழிந்தது.

இதில் என்னதான் கவர்ச்சி? எதிர்பார்க்க ஒன்றுமில்லாதபோது செவி தானே வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரே சுவர்போல் நின்ற இரைச்சலில் அடுக்குகளும் அசைவுகளும் தெரிகின்றன. இன்னொன்றும் உண்டு. இந்த இரைச்சலை என் விரலால் நிறுத்தலாம். அட்ரியானோப்பிளில் இருந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தபோது, "முழுக்கக் கேட்டனீங்களோ?" என்றான் மருமகன். சத்தத்தைக் குறைத்துக் கேட்டதாகச் சொன்னேன்.

"அப்ப நீங்கள் கேக்கேல்லை மாமா" என்றான்.