தாலியும் பதிவுத்தாளும்

சிரம்பானை அடுத்த லோபாக் முதலிய ஊர்களிலும் சுற்றுத் தோட்டங்களிலும் கலியாணமென்றால் நெடுங்காலம் பந்தலும், மேளமும், மாரியம்மன் சந்நிதியில் ஏறும் தாலியுமே. சர்க்கார் புத்தகத்தில் பெயரெழுத வேண்டுமென்ற எண்ணமே நம்மவர்க்கு எழவில்லை. எழாததில் வியப்புமில்லை; வழக்கப்படி நடந்த மணத்தை நீதிமன்றங்களே மணமென ஒப்பின. 1952-ஆம் ஆண்டின் குடியியல் மணச் சட்டம் விரும்பியவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஒருவன் இரு மனைவியரைக் கொள்வதையும் சட்டம் தடுக்கவில்லை!

நம்மவர் மணம் எங்கும் இவ்வாறு மதிக்கப்பட்டதெனக் கருதற்க. தென்னாப்பிரிக்காவில் 1913 மார்ச் 14-ல் நீதிபதி சீர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடவாத மணங்கள் செல்லாவெனப் பொருள்படத் தீர்ப்பளித்தார். மனைவியர் ஒரே நாளில் மனைவியரல்லாதாராயினர். அவ்வாண்டுப் போராட்டத்தில் தமிழ்ப் பெண்கள் சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்ற வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22-ல் மாண்டாள். அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் பிறந்து, மணத்துக்கு உரிமை தந்தது.

மலேசியாவில் மாற்றம் வேறு விதமாய் வந்தது. 1976-ல் இயற்றிய திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், முஸ்லிமல்லாதார்க்கென 1982 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. முந்திய வழக்க மணங்களைப் பதிவானவையாகவே அது கொண்டது; பிந்தியவை சட்ட முறைப்படியே நடத்தல் வேண்டும். ஒருவனுக்கு ஒருத்தியே. வயது 18, பெண்ணுக்கு 16 ஆயின் மந்திரி பெசாரின் அனுமதி வேண்டும் (இவ்வாசலை ஏன் திறந்து வைத்தனரோ!). 21 நிரம்பாதார்க்குத் தந்தையின் எழுத்துச் சம்மதம். அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டு, தடையெழாவிடின், ஆறு மாதத்துக்குள் இரு சாட்சிகள்முன் மணம். தாலியையும் சட்டம் விலக்கவில்லை. அர்ச்சகர் துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றிருப்பின் கோயிலிலேயே இரண்டும் முடியும்.

இருந்தும் தோட்டங்களில் பதியாதார் உளர். சோம்பலென்று ஏசுவோர் உண்டு. நாம் அவ்வாறு கூறோம். லயத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரமே எடுக்கப்படாத பெண்ணுக்கு அடையாள அட்டை ஏது? அட்டையில்லாதவள் மணத்தை எங்ஙனம் பதிவாள்? பதியாத மணத்தில் பிறந்த குழந்தைக்கு, தந்தை குடிமகனேயாயினும், அவனுடைய குடியுரிமை சேர்வதில்லை. அரசியலமைப்பு அதனைத் தாயின் வழியிலேயே நிறுத்துகிறது. தாயோ எந்நாட்டின் ஏட்டிலும் இல்லாதவள்.

பள்ளியில் சேர்க்கும் நாளிலோ, 12 வயதில் அடையாள அட்டைக்குச் சென்று நிற்கும் நாளிலோதான் தகப்பன் இதை அறிகிறான். ஊரறியத் தாலி கட்டியதற்குச் சாட்சி சொல்ல ஆயிரம் பேர் அவனுக்கு இருப்பர். அதிகாரி கேட்பதோ ஒரே ஒரு தாள்.