இலவசக் கல்வி (இலங்கை)

இலங்கையில் அரிவரி முதல் பல்கலைக்கழகப் பட்டம் வரை கற்பித்தற் கட்டணமின்றி அரசு செலவில் கல்வி வழங்கும் முறை இலவசக் கல்வி எனப்படும். 1945 ஒக்டோபர் 1 அன்று இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு வழிவகுத்த கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா (1884–1969) 'இலவசக் கல்வியின் தந்தை' எனப் போற்றப்படுகிறார்.

முன்வரலாறு

கட்டணமில்லாப் பாடசாலை 1945க்கு முன்பே தீவில் இருந்தது. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊர்தோறும் பாடசாலைகளைத் திறந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். ஆனால் இவற்றில் கல்வியோடு கிறிஸ்தவ மதபோதனையும் சேர்ந்தே வந்தது. அதற்கு மாற்றாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைக் கட்டணமின்றி நடத்தத் தொடங்கினார். தெற்கில் பௌத்தரிடையே இதுபோன்ற முயற்சி 1880இல் கேணல் ஒல்கொட் வந்த பின்னரே வலுப்பெற்றது. கொழும்பு ஆனந்தா கல்லூரி 1886இல் தோன்றியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இலும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923இலும் உருவாயின.

அரசின் பங்கு மெல்ல வளர்ந்தது. கோல்புறூக் ஆணைக்குழு அரச சேவைக்கு ஆங்கிலம் கற்றவர்களை உருவாக்கப் பரிந்துரைத்தது. 1841இல் மத்திய பாடசாலை ஆணைக்குழு அமைந்தது. மோகன் குழுவின் பரிந்துரைப்படி 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் உருவானது. அரசு நேரடியாகப் பாடசாலை நடத்துவதோடு, மதநிறுவனப் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடையும் வழங்கியது. இந்த இரட்டை முறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது.

பாடசாலை வகைகள்

1945க்கு முற்பட்ட பாடசாலைகளை இருவகையில் பிரிக்கலாம்.

நிர்வாக அடிப்படையில்: அரசினர் பாடசாலை, உதவி நன்கொடை பெறும் பாடசாலை, உதவி பெறாத தனியார் பாடசாலை.

மொழி அடிப்படையில்: சிங்களம் அல்லது தமிழில் கற்பித்த தாய்மொழிப் பாடசாலை, இருமொழிப் பாடசாலை, ஆங்கிலப் பாடசாலை.

தாய்மொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் உண்டு. அரச உத்தியோகம், மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு ஆங்கிலப் பாடசாலை வழியாகவே போக முடிந்தது. ஆகவே இலவசமாகப் படித்த பிள்ளைக்குக் கிராமப் பாடசாலையோடு படிப்பு முடிந்தது. 1945இன் சீர்திருத்தம் உடைத்தது இந்த மதிலைத்தான்.

கன்னங்கரா அறிக்கை

டொனமூர் அரசியலமைப்பின்படி 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபையின் கல்வி நிர்வாகக் குழுத் தலைவராகத் தெரிவான கன்னங்கரா 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தார். 1940இல் அமைந்த கல்வி விசேட குழு அவர் தலைமையில் 1943இல் அறிக்கை வெளியிட்டது. எல்லாப் படியிலும் இலவசக் கல்வி, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிப் போதனை, ஆசிரியர் சம்பளத்தை அரசே வழங்குதல் என்பன அதன் முக்கிய பரிந்துரைகள். 1944 மே 30 அன்று அரசாங்க சபையில் விவாதம் தொடங்கியது. கட்டண வருமானத்தில் நடந்த பெரிய கல்லூரிகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் தத்தம் நலன் கருதிக் கடுமையாக எதிர்த்தன. மக்கள் ஆதரவு அந்த எதிர்ப்பை வென்றது. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் கட்டணம் நீங்கியது.

இதனோடு கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய பிள்ளைகள் விடுதியில் தங்கி இவற்றில் ஆங்கிலவழி இடைநிலைக் கல்வி பெற்றனர். கன்னங்கரா பதவி நீங்கும்போது இவற்றின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியிருந்தது. 1947 பொதுத்தேர்தலில் மத்துகமத் தொகுதியில் அவர் தோற்றார்.

அரசு ஏற்பு

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு கையேற்றது. இலவசக் கல்வி இதனால் முழுமை பெற்றது. சில பெரிய கல்லூரிகள் மட்டும் அரச நிதியின்றித் தனித்து நின்றன. பாடநூல்கள் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாயின. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் 1981இல் வந்தது.

தமிழ்ப் பகுதிகள்

யாழ்ப்பாணத்தில் கட்டணத்தைப்போலவே சாதியும் தடையாக இருந்தது. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒருசேர வாங்கில் இருத்தும் சம ஆசன விதிக்கு 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மலையகத் தோட்டப் பாடசாலைகள் நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான காலத்தில்தான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. அதே பத்தாண்டில் வந்த, பரீட்சைப் புள்ளிகளை மொழிவாரியாகச் சீராக்கிய தரப்படுத்தலால் பல்கலைக்கழக அனுமதியில் யாழ்ப்பாண மாணவர் பின்தள்ளப்பட்டனர்.

தற்போதைய நிலை

5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். மேல்வரம்பு 2016இல்தான் 14இலிருந்து உயர்ந்தது. முன்பள்ளிகளைப் பெரும்பாலும் தனியாரும் தொண்டு அமைப்புகளும் கட்டணம் பெற்று நடத்துகின்றன. உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறுவோரில் சிறுபகுதியினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. தனியார் வகுப்புகள் பெருகியுள்ளன. எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்பது 1978 அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில் அரச கொள்கை வழிகாட்டியாக இடம்பெறுகிறது. அதை நீதிமன்றத்தின் மூலம் நிலைநாட்ட முடியாது.