தூளிக்குப் பிறகு என்ன?

'ப்ளேபென்' என்ற வார்த்தையில் வரும் 'பென்', எழுதுகிற பேனா அல்ல. பேனா, இறகைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்தப் 'பென்' பழைய இங்கிலீஷில் ஆடு, மாடுகளை அடைக்கிற இடம். நம்ம ஊர்க் கணக்கில் பட்டி! நாலு பக்கமும் தடுப்பு வைத்து, நடுவில் குழந்தையையும் கொஞ்சம் பொம்மைகளையும் விட்டால் ப்ளேபென். 'விளையாட்டுப் பட்டி' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், வீட்டுப் பாட்டி விளக்குமாற்றோடு வருவார்.

தமிழில் இதற்குப் புழக்கத்தில் ஒரு சொல் கிடையாது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தாலாட்ட ஒன்று, கைகொட்ட ஒன்று, தளர்நடை போட்டு வர ஒன்று என்று பத்துப் பருவம் பிரித்தார்கள். அடைத்து வைக்க ஒரு பருவம் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் யாராவது ஒருத்தர் மடி காலியாக இருந்திருக்கும் என்பது சௌகரியமான விளக்கம். கூலிக்குப் போன அம்மாவுக்கு ஏது அந்த மடி?

சின்னசேலம் பக்கத்து மக்காச்சோளக் கொல்லை, மரவள்ளிக் காடுகளில் களையெடுக்கப் போகிறவளுக்குத் தெரிந்த வழி தூளிதான். வேப்பமரக் கிளையில் பழைய புடவை. காசு செலவில்லை, காற்று வரும், தரையில் ஊரும் பூச்சி எட்டாது. எந்தக் கம்பெனி பண்ணினாலும் இதைவிட நன்றாகப் பண்ண முடியாது. ஆனால், பிள்ளை தவழ ஆரம்பிச்சதும் தூளியின் வேலை முடிஞ்சுபோச்சு. பக்கத்திலேயே தரைமட்டத்தில் கிணறு இருக்கும். அப்புறம் என்ன? மூத்த பெண்ணை வரப்பில் உட்காரவைப்பார்கள். அவள் பள்ளிக்கூடம் அதோடு சரி. நம்முடைய ப்ளேபென் அந்த அக்காதான்.

சர்க்கார் மாடுகளைத்தான் முதலில் யோசித்தது. பயிரை மேயும் மாட்டை அடைக்கும் பவுண்டுக்கு 1871-லேயே சட்டம் வந்தாச்சு. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் குழந்தைகளுக்கு ஓர் அறை கட்டாயம் என்று நாடு முழுமைக்கும் சொன்னது, 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம். 1976-ல் அந்த ஐம்பது, முப்பதானது. கொல்லைக்காட்டுக்கு அந்தச் சட்டம் வரவே இல்லை. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குக் கூலி கொடு என்றது. அதுவும் அரசு வேலை நடக்கிற இடத்தில் மட்டும்.

அங்கன்வாடியில் உட்கார வைக்க இரண்டு வயது ஆகணும். பிள்ளை தவழ்வதோ எட்டாம் மாசம்.