அண்ணா, இது ஒரிஜினலா? - எடை குறைப்பு மருந்தும் போலியும், ஒரு சிறு வரலாறு

கோவையில் இருக்கும் என் சித்தி மகள், 2025 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் நீல நிறத்தில் ஊசிப் பேனா. கீழே ஒரே வரி: “அண்ணா, இது ஒரிஜினலா?”

ஓசெம்பிக். இன்ஸ்டாகிராமில் யாரோ ‘துபாய் ஸ்டாக்’ என்று விற்கிறார்கள். டாக்டர் சீட்டு வேண்டாம், ஜிபே செய்தால் கூரியரில் வீட்டுக்கே வரும். பேட்ச் நம்பர் தெரிகிற மாதிரி படமெல்லாம் போட்டிருக்கிறான், நல்ல ஆளாகத்தான் தெரிகிறான் என்றாள். “ஏம்மா, டாக்டரைப் பார்த்து வாங்க வேண்டியதுதானே?” என்று கேட்டேன். “அவர் முன்னாடி போய் உட்கார்ந்தாலே, சாப்பாட்டைக் குறைங்கன்னு சொல்லி அனுப்பிடுவாரு. ஏற்கனவே மூணு பேரு சொல்லிட்டாங்க” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் மருத்துவன் இல்லை. பழைய விளம்பரங்களையும் வழக்குகளையும் தோண்டிக் குறிப்பெடுப்பவன், அவ்வளவுதான். ஆனால் எடை குறைப்பு மருந்து பற்றிச் சில வருடங்களாகவே ஒரு கோப்பு என்னிடம் வளர்ந்துகொண்டிருக்கிறது. அவள் கேள்விக்குப் பதில் அதில் இருக்குமா என்று மறுநாள் எடுத்துப் பார்த்தேன். ஒரு விதத்தில் இருந்தது.

முதலில் அமெரிக்கா. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே மார்மோலா என்று ஒரு மாத்திரை சக்கைப்போடு போட்டது. டெட்ராய்ட் கம்பெனிச் சரக்கு. உள்ளே இருந்தது விலங்குகளின் உலர்ந்த தைராய்டு சுரப்பித் தூள். அளவு மீறினால் இதயம் படபடக்கும், கை நடுங்கும். விளம்பரம் என்னவோ பாதுகாப்பானது, அறிவியல்பூர்வமானது என்றது. மத்திய வர்த்தக ஆணையம் தடுக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1931இல் கம்பெனிக்குச் சாதகமாக முடிந்தது. காரணத்தைக் கேளுங்கள்: அந்த விளம்பரத்தால் போட்டிக் கம்பெனிகளுக்கு நஷ்டம் என்று ஆணையம் நிரூபிக்கவில்லையாம். வாங்கித் தின்றவளுக்கு என்ன நஷ்டம் என்பது அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

மார்மோலா தூசு என்று சொல்ல வைக்கும் சரக்கு இரண்டு வருடத்தில் வந்தது. டைநைட்ரோஃபீனால், சுருக்கமாக டிஎன்பி. மஞ்சள் தூள். முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்து ஆலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளிகள் வியர்த்துக் கொட்டி, மெலிந்து, காய்ச்சல் ஏறிச் செத்தும் போனார்கள். அந்த ‘மெலிந்து’ என்ற சொல்லை மட்டும் மருத்துவ உலகம் பிடித்துக்கொண்டது. 1933இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மாரிஸ் டெய்ன்டர், விண்ட்சர் கட்டிங் என்ற இருவர், டிஎன்பி கொடுத்தால் பட்டினி இல்லாமலே எடை குறைகிறது என்று எழுதினார்கள். இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது, மருத்துவர் கண்காணிப்பு வேண்டும் என்று எச்சரிக்கவும் செய்தார்கள். எச்சரிக்கையை யார் படித்தார்கள்? அடுத்த வருடமே அமெரிக்காவில் ஒரு லட்சம் பேராவது இதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்று டெய்ன்டரே கணக்குச் சொன்னார்.

டிஎன்பி வேலை செய்யும் விதம் இதுதான். நம் உடம்பின் செல்கள் சாப்பாட்டை எரித்து, அந்த ஆற்றலை அணை நீர்போலத் தேக்கி, மதகு வழியாகத் திறந்துவிட்டு வேலை வாங்குகின்றன. டிஎன்பி அந்த அணையில் ஓட்டை போடுகிறது. நீர் வீணாக ஓடுகிறது, அதாவது ஆற்றல் வெறும் சூடாகப் போகிறது. ஈடுகட்ட உடம்பு இன்னும் இன்னும் எரிக்கிறது. எடை குறைவது உண்மை. ஆனால் சூடு எந்த இடத்தில் நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. மாற்று மருந்தும் கிடையாது, இன்றுவரை. 1935இலிருந்து இன்னொரு செய்தியும் வரத் தொடங்கியது: இதைச் சாப்பிட்ட இளம்பெண்களுக்குக் கண்புரை. கிழவிகளுக்கு வருவது இருபது, முப்பது வயதில். பதிவானவை மட்டும் நூறுக்கு மேல்.

இதில் எதுவுமே போலி இல்லை என்பதைக் கவனியுங்கள். லேபிளில் போட்டிருந்ததுதான் கேப்ஸ்யூலிலும் இருந்தது. அரசால் ஏன் தடுக்க முடியவில்லை? 1906ஆம் வருடச் சட்டப்படி மருந்து என்றால் நோயைத் தீர்க்க விற்பது. உடல் பருமன் அன்றைய சட்டத்தின் கண்ணில் நோய் இல்லை. நோய் இல்லை, ஆகவே மருந்து இல்லை, ஆகவே அதிகாரமும் இல்லை. என் தங்கையிடம் மூன்று டாக்டர்கள் ‘சாப்பாட்டைக் குறைங்க’ என்று சொன்னதும் கிட்டத்தட்ட இதே மனநிலைதான். மருத்துவம் கதவைச் சாத்தும் இடத்தில்தான் வியாபாரி கடை போடுகிறான்.

1937இல் சல்ஃபனிலமைட் எலிக்ஸிர் என்ற மருந்துத் திரவம் நூறு பேருக்கு மேல் கொன்றது. பலர் குழந்தைகள். அதில் கலந்திருந்தது டைஎத்திலீன் கிளைக்கால். (2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்திலும் இதே விஷம்தான் இருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்.) அப்போதுகூட அதிகாரிகள் பறிமுதல் செய்யக் கிடைத்த சட்டக் காரணம், எலிக்ஸிர் என்ற பெயருக்கு உள்ளே ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்பதுதான். ஆளைக் கொன்றதற்காக இல்லை, பெயர் தப்பாகப் போட்டதற்காக! அந்த அதிர்ச்சியில்தான் 1938 சட்டம் வந்தது. உடம்பின் அமைப்பையோ செயலையோ மாற்றுவதற்காக விற்கும் பொருளும் மருந்துதான் என்று அதில் சேர்த்தார்கள். எடை குறைப்பு மருந்து முதன்முறையாகச் சட்டத்துக்குள் வந்தது. டிஎன்பி ஒழிந்தது. 1951இல் இன்னொரு திருத்தம், சில மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறுதியிட்டது. நம் ஊரிலும் கர்னல் சோப்ரா தலைமையில் 1930இல் அமைந்த குழு கலப்பட மருந்துகளை விசாரித்து, அதன் தொடர்ச்சியாக 1940இல் மருந்துச் சட்டம் வந்தது.

ஆக, டாக்டர் சீட்டு, உரிமம் வாங்கின கடை, பில், பேட்ச் நம்பர் என்று நாம் சலித்துக்கொள்ளும் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கிலி. இந்த மருந்து யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பின்னால் போய்ப் பார்க்க ஒரு வழி. இணையம் வந்ததும் முதலில் அறுந்தது அதுதான்.

2010 ஜனவரியில் நடந்தது என் கோப்பில் எனக்குப் பிடித்த பக்கம். (பிடித்த என்று சொல்லக் கூடாதோ?) ஆலி என்று ஒரு எடை குறைப்பு கேப்ஸ்யூல், உள்ளே ஆர்லிஸ்டாட். அமெரிக்காவில் சீட்டு இல்லாமலே கடையில் கிடைப்பது. இணைய ஏலத்தளங்களில் விலை குறைவாக வந்த ஆலி போலி என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அடையாளங்களையும் சொன்னது: வெளிப்பெட்டியில் லாட் நம்பர் இல்லை. அசலில் காலாவதிக்கு மாதமும் வருடமும்தான், போலியில் தேதியும் சேர்ந்திருக்கும். மூடி கொஞ்சம் பெரிசு. அசல் கேப்ஸ்யூலைப் பிரித்தால் குட்டிக் குட்டி வெள்ளை உருண்டைகள், போலியில் வெறும் தூள். அந்தத் தூள் சிபுட்ரமின். பசியை அடக்கும், ரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் ஏற்றும். ஆலி ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிட வேண்டியது. அட்டையில் போட்டபடி ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கு, சிபுட்ரமினின் வழக்கமான தினசரி அளவைப்போல மூன்று மடங்கு உள்ளே போனது. ஒழுங்காகச் சாப்பிட்டவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

அதே வருட அக்டோபரில் அசல் சிபுட்ரமினே அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று. இந்தியாவில் 2011 பிப்ரவரியில் தடை. தடை செய்த சரக்கு எங்கே போகும்? ‘நூறு சதவீதம் மூலிகை’ என்று எழுதிய ஸ்லிம்மிங் கேப்ஸ்யூலுக்குள்ளும் காபிப் பொடிக்குள்ளும் போனது. இன்றும் ஆய்வகங்களில் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மூலிகைப் பொடி ஒரே வாரத்தில் பசியை அடியோடு நிறுத்துகிறது என்றால் அந்த மூலிகையின் பெயர் என்ன என்று கேட்பது நல்லது.

டிஎன்பியும் திரும்பி வந்தது. 2015இல் இங்கிலாந்தில் 21 வயது மாணவி ஒருத்தி, இணையத்தில் வாங்கிய டிஎன்பி கேப்ஸ்யூலைச் சாப்பிட்டு இறந்தாள். விற்றவர் சீனாவிலிருந்து டிரம்மில் வாங்கிய தூளை லண்டனில் ஒரு குடியிருப்பில் வைத்து கேப்ஸ்யூலில் அடைத்திருக்கிறார். கொலைக்கு அடுத்தபடியான குற்றத்துக்காக 2020இல் 7 வருடச் சிறை. இன்டர்போல் 2015இலேயே உலகம் முழுக்க எச்சரிக்கை அனுப்பியிருந்தது. 82 வருடம் கழித்து, அதே மஞ்சள் தூள்.

இனி பேனாவுக்கு வருவோம். ஓசெம்பிக்கில் இருப்பது செமாக்ளூடைட். நோவோ நோர்டிஸ்க் என்ற டென்மார்க் கம்பெனியுடையது. நீரிழிவுக்காக 2017இல் அமெரிக்க அனுமதி பெற்றது. எடை குறைகிறது என்று தெரிந்ததும் உலகமே கேட்டது, சரக்கு போதவில்லை. பற்றாக்குறை வந்தால் போலி வரும், இது புது விஷயம் இல்லை. ஆனால் 2023இல் நடந்தது என்னைக் கொஞ்சம் உலுக்கியது. அக்டோபரில் ஐரோப்பிய மொத்த வியாபாரிகளிடமே ஜெர்மன் லேபிளுடன் போலிப் பேனாக்கள் கிடைத்தன. பெட்டியில் இருந்த பேட்ச் நம்பர் அசல். பார்கோடு அசல். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக உள்ள வரிசை எண்ணும் அசல் பெட்டியிலிருந்து எடுத்ததுதான். ஸ்கேன் செய்தபோது அந்த எண்கள் செயலில் இல்லை என்று காட்டியதால்தான் பிடிபட்டது. அதே மாதம் ஆஸ்திரியாவில், செமாக்ளூடைட் என்று நம்பிப் போட்டுக்கொண்ட சிலர் சர்க்கரை அளவு தாழ்ந்து வலிப்புடன் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உள்ளே இருந்தது இன்சுலினாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கு வாரம் ஒருமுறை என்று இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பரில் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கில் பறிமுதல். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது.

2010இல் மூடியைப் பார்த்தால் தெரிந்தது. 2023இல் அச்சும் எண்ணும் அசல் மாதிரியே. பெட்டி இனி சாட்சி இல்லை.

இதைத்தான் தங்கையிடம் போனில் சொன்னேன். அவன் படத்தில் போட்ட பேட்ச் நம்பர் உண்மையாகவே இருக்கலாம், அது எதையும் நிரூபிக்காது. இன்னொன்று, அப்போது ஓசெம்பிக் இந்தியாவில் முறையாக விற்பனைக்கே வரவில்லை. மவுஞ்சாரோ மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் வந்திருந்தன, இரண்டுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும். (குப்பியில் வந்தால் போலி என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். மவுஞ்சாரோ இங்கே முதலில் வந்ததே குப்பியில்தான், ஆகவே அதை அப்படியே நம்பாதீர்கள்.) முதல் ஊசி போடும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய பொருள், ஆகஸ்ட் வெயிலில் கூரியர் வேனில் எப்படி வரும்? சீட்டு கேட்காதவன், கடை உரிம எண்ணும் பேட்ச் நம்பரும் போட்ட பில் தராதவன், வேறு எதைத் தந்தாலும் வாங்காதே என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அண்ணா, நான் ஏற்கனவே ஒண்ணு வாங்கிட்டேன். ஃப்ரிட்ஜ்ல இருக்கு. இன்னும் போடல” என்றாள்.

வீடியோ காலில் எடுத்துக் காட்டச் சொன்னேன். 2023இல் நோவோ நோர்டிஸ்க் சொன்ன ஒரு அடையாளம் நினைவுக்கு வந்தது: அசல் பேனாவில் அளவைத் திருகும்போது பேனா நீளாது, சில போலிகளில் பின்பக்கம் வெளியே நீண்டு வரும். திருகிப் பார்த்தாள். நீளவில்லை.

“அப்போ ஒரிஜினல்தானே?”

அந்தப் போலி இல்லை என்று மட்டும்தான் தெரியும் என்றேன். வழியில் எத்தனை நாள் சூட்டில் கிடந்தது, உள்ளே இருந்ததை யாராவது மாற்றினார்களா, எதுவும் தெரியாது. பில் கேட்டுப் பார், கொடுத்தால் மேற்கொண்டு பேசலாம்.

கேட்டாள். முதலில் ‘நாளைக்கு அனுப்பறேன் சிஸ்டர்’ என்று வந்தது. மறுநாள் திரும்பக் கேட்டாள். மாலைக்குள் அந்தக் கணக்கு அவளை பிளாக் செய்துவிட்டது. போனது ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதி, படங்களையும் ஜிபே ரசீதையும் இணைத்து, இரண்டு பேருமாக அனுப்பினோம். பேனா அடுத்த மாதம்வரை அவள் ஃப்ரிட்ஜ் கதவில், தோசை மாவுக்கு மேல்தட்டில், பேப்பர் சுற்றி ‘தொடாதே’ என்று எழுதி இருந்தது. நாலாவதாக ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவர் தைராய்டு, சர்க்கரை எல்லாம் எடுக்கச் சொன்னாராம். சாப்பாட்டைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டாராம்.