சந்தா வெப்சைட் தொடங்குறீங்களா? ஹோஸ்டிங் வாங்கும் முன் இதை கவனிங்க!

மாதச் சந்தாவை நம்பி வெப்சைட் தொடங்குபவர்கள், முதல் வருடச் சலுகை விலையை மட்டும் பார்த்து ஹோஸ்டிங் வாங்கினால் சிக்கல்தான். என்னென்ன பார்க்கணும்?

வேகம்: சாதாரண செய்தித் தளத்தில் எல்லோருக்கும் ஒரே பக்கம் என்பதால், ஒருமுறை தயாரித்து சேமித்து வைத்துக் காட்டலாம். சந்தா தளத்தில் லாகின் செய்யும் ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்குபோடும் ஷேர்டு ஹோஸ்டிங், கூட்டம் வந்தால் திணறும். மெமரியைத் தனியாக ஒதுக்கும் விபிஎஸ் நல்லது.

அப்டைம்: 99.9% என்பது கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் மாதத்துக்கு சுமார் 43 நிமிடம் தளம் முடங்கலாம் என்பதே அதன் அர்த்தம். அதைத் தாண்டினால் என்ன இழப்பீடு என்று ஒப்பந்தத்தில் பாருங்க.

பேக்கப்: 2021 மார்ச் 10-ம் தேதி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீயில் எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால், சில வாடிக்கையாளர்களால் டேட்டாவை மீட்கவே முடியவில்லை. சந்தாதாரர் பட்டியல் போனால், யார் பணம் கட்டினார்கள், யாருக்கு எப்போது சந்தா முடிகிறது என்பதே தெரியாது. அதனால் வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் தினமும் ஒரு நகல் சேமிக்கணும். அது சரியாகத் திறக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்ப்பதும் அவசியம்.