கையில் நுழைந்து இதயம் வரை

இன்னைக்கு வரலாற்றுக்குள்ள போறதுக்கு முன்னாடி, எங்க வீட்டுக் கதை ஒண்ணு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, கீழக்குயில்குடியில், விடியக்காலை நாலு மணி. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. "வாயுதான்டா, சரியாப் போயிரும்" என்றார். அம்மா ஓமத் தண்ணி கொடுத்தார். நானும் நம்பினேன். ஆறரைக்குத்தான் கார் எடுத்தோம்.

மதுரையில் ஈசிஜி பார்த்ததும் நேராக கேத் லேப். மணிக்கட்டில் ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். அப்பா முழிச்சுக்கிட்டேதான் இருந்தார். முடிந்ததும் டாக்டர் திரையில் இரண்டு படம் காட்டினார். முதல் படத்தில் ரத்தக்குழாய் பாதியிலேயே அறுந்த கோடு மாதிரி நின்றிருந்தது. இரண்டாவதில் கடைசிவரை ஓடியது.

கை வழியா இதயத்துக்குப் போகலாம்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு?

1929, ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர். மேலதிகாரி அனுமதி தரவில்லை. தன் முழங்கை மடிப்பு ரத்தக்குழாய்க்குள் தானே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். படத்தில் குழாயின் முனை இதயத்தில் இருந்தது. கிடைத்தது கண்டனம்தான். நோபல் பரிசு வர 1956 ஆனது.

ஆனா ஒரு சிக்கல். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. ரத்தமும் சதையும் எக்ஸ்ரேக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதற்கு வழியை 1927-லேயே லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் காட்டியிருந்தார். அயோடின் சேர்ந்த திரவத்தை ஏற்றி, மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுத்தார்.

1953-இல் ஸ்வீடனின் ஸ்வென் செல்டிங்கர் நுழையும் முறையை எளிதாக்கினார். ஊசி குத்து, ஊசிக்குள் கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பிமேல் குழாயை ஏற்று. அப்பாவுக்கு நடந்ததும் அடிப்படையில் இதேதான்.

அதுவரை இந்தக் குழாய் பார்ப்பதற்கு மட்டும்தான். 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் அதை வைத்தியத்துக்குப் பயன்படுத்தினார். அழுகத் தொடங்கிய பாதம், காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டி. அடைப்பை உள்ளிருந்தே விரித்தார். கால் பிழைத்தது. 1977-இல் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் சின்ன பலூனால் இதய ரத்தக்குழாயையே திறந்தார்.

குருன்ட்சிக்கிடம் அட்லாண்டாவில் பயின்றவர் கோட்டயத்துக்காரரான மேத்யூ சாமுவேல் களரிக்கல். 1986-இல் சென்னை அப்போலோவில் அவர்தான் இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கிவைத்தார். 2025 ஏப்ரலில் காலமானார்.

உடம்புக்குள்ள பாதை போட்டாச்சு. வெளியே? அடைபட்ட நிமிஷத்திலிருந்து இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். எங்க ஃபீல்டு பாஷையில் சொன்னா, சர்வர் நல்லாத்தான் இருக்கு, நெட்வொர்க்தான் ஸ்லோ.

இதையும் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சின்ன மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, நோயாளிகளைச் சீக்கிரம் அனுப்பினார்கள். பெரிய மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். முடிவுகள் 2017-இல் வெளியாயின. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்.

அப்பா இப்போ நல்லா இருக்கார். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் போன தசை திரும்பவில்லை. முன்பெல்லாம் சமணர் மலையில் எனக்கு முன்னாடி ஏறுவார். இப்போ அடிவாரத்து ஆலமரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டு, "நீ போயிட்டு வாடா" என்கிறார்.

நெஞ்சு வலியோடு வேர்த்துக் கொட்டினால் வாயுவா இல்லையான்னு வீட்டில் விவாதம் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க, ஈசிஜி எடுங்க. வாயுவாவே இருந்தா சந்தோஷமாத் திரும்பி வரலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.