கிராம நத்தமும் கட்டட அனுமதியும்

கிராம நத்தம் என்பது ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருப்பதற்கென விடப்பட்ட நிலம் ஆகும். தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், ஊர்நத்தத்தைக் குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு சேர்த்து வரி நீக்கப்பட்ட நிலமாகக் குறிக்கின்றன.

ஆங்கிலேயர் கால இரயத்துவாரி முறையில், தீர்வை விதிக்கப்பட்ட நிலங்களுக்கே பட்டா வழங்கப்பட்டது. நத்தத்துக்குத் தீர்வையும் இல்லை, பட்டாவும் இல்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஒருவருக்குச் சொந்தமான வீட்டுமனையையும் கொல்லையையும் அரசு நிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கியது. இதன் அடிப்படையில், குடியிருப்பவரின் நத்தம் மனை அரசுக்கு உரியதன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. பிற்காலத்தில் நத்தம் நிலங்கள் அளக்கப்பட்டு, குடியிருப்போருக்கு நத்தம் பட்டா வழங்கப்பட்டது.

அனுபவமே உரிமையாக இருந்ததால், நத்தத்தில் வீடு கட்ட அனுமதி தேவையில்லை என்ற எண்ணம் ஊர்களில் வேரூன்றியது. ஆனால் நில உரிமை வேறு, கட்டட அனுமதி வேறு. முன்னது வருவாய்த் துறையைச் சார்ந்தது. பின்னது உள்ளாட்சி அமைப்பைச் சார்ந்தது.

மதுரை–திண்டுக்கல் சாலையிலுள்ள விளாங்குடி இதற்கு எடுத்துக்காட்டு. பேரூராட்சியாக இருந்த இவ்வூர், 2011இல் மதுரை மாநகராட்சியின் வார்டுகள் 72இலிருந்து 100ஆக உயர்ந்தபோது அதனுடன் இணைக்கப்பட்டது. மனையின் உரிமை மாறவில்லை. கட்டட அனுமதி வழங்கும் அலுவலகம் மாறியது.

நத்தத்துக்கு வெளியே, வயல்களைப் பிரித்து விற்ற மனைகளின் நிலை வேறு. ஊராட்சித் தலைவரின் ஒப்புதலை மட்டும் நம்பிப் பலர் இவற்றை வாங்கினர். 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சேமிப்பை எல்லாம் போட்டு வாங்கிய மனையை விற்க முடியாமல் மாநிலம் முழுவதும் பலர் தவித்தனர். 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன.

2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி வெள்ளையடித்தல், பூச்சு வேலை, தரை மாற்றுதல், ஓடு மாற்றுதல் போன்ற சிறு பணிகளுக்கே அனுமதி தேவையில்லை. 2024 சூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. இதில் முன்கூட்டிய கள ஆய்வு நீங்கியுள்ளது. அனுமதி பெறும் கடமை நீங்கவில்லை.